ஏழாவது வாரத்தில் டாக்டர் மாறுவது: ஐவிஎஃப் மையத்திலிருந்து மகப்பேறு மருத்துவரிடம்

கேள்வியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்களுக்கு 34 வயது, முதல் குழந்தை. சென்னையில் ஐவிஎஃப், அதாவது உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை செய்து, உறைய வைத்திருந்த ஐந்தாம் நாள் கரு ஒன்றை வைத்தார்கள். இப்போது ஏழு வாரம், ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்துவிட்டது. மையத்தில் 12 வாரம் வரை இங்கேயே வாருங்கள் என்கிறார்கள். அம்மா வீடு கும்பகோணம். பிரசவம் அங்கேதான் என்பதால் அங்கிருக்கும் டாக்டரிடம் ஒருமுறை காட்டியிருக்கிறீர்கள். அவர் பிரசவத் தேதியை வேறாகச் சொன்னார், பாதி மருந்துகளைப் பார்த்து "இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டார். இப்போது யார் பேச்சைக் கேட்பது, எப்போது மாறுவது என்று குழப்பம்.

மாறலாம். இதில் பயப்பட ஒன்றுமில்லை. எட்டிலிருந்து 12 வாரத்துக்குள் பெரும்பாலான ஐவிஎஃப் கர்ப்பங்கள் சாதாரண மகப்பேறு மருத்துவரிடம் வந்துவிடுகின்றன. தஞ்சாவூர்ப் பக்கம் பல வருடங்களாகப் பிரசவம் பார்க்கும் எனக்கு, சென்னையிலும் கோவையிலும் சிகிச்சை எடுத்துவிட்டு ஃபைலோடு வருபவர்கள் வழக்கமானவர்கள்தான். தொல்லை வருவது இடையில் இருக்கும் இரண்டு மூன்று வாரங்களில். பழைய டாக்டர் "இனி அவங்க பார்த்துப்பாங்க" என்று நினைப்பார், புதியவர் "இது அவங்க எழுதின மருந்து, அவங்களையே கேளுங்க" என்பார். நடுவில் மாத்திரை தீர்ந்துபோகும். ஆகவே எந்தத் தேதிவரை எந்த டாக்டர் பொறுப்பு என்பதை இருவரிடமும் வாய்விட்டுக் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் நான் சொல்வது: ஹார்மோன் மருந்து முடியும்வரை அந்த மருந்துகளுக்கு மட்டும் மையம் பொறுப்பு, மற்ற எல்லாவற்றுக்கும் இப்போதிலிருந்தே கும்பகோணம் டாக்டர்.

தேதிக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம், ஏனென்றால் அதுதான் எளிது. சாதாரணக் கர்ப்பத்தில் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணுகிறோம். ஐவிஎஃப்பில் அந்த மாதவிடாய்த் தேதிக்கு மதிப்பில்லை. உறைகரு வைப்பதற்கு முன் ஈஸ்ட்ரஜன் மாத்திரை கொடுத்துக் கருப்பையின் உள்படலத்தைத் தயார் செய்வார்கள். அது சிலருக்கு 12 நாள், சிலருக்கு 20 நாள் ஓடும். அதனால் மாதவிடாய்க் கணக்கு சில நாள் முன்னே பின்னே போய்விடும். கருவின் வயதோ நமக்குத் துல்லியமாகத் தெரியும். ஐந்தாம் நாள் கரு என்றால் வைத்த நாளோடு 261 நாள் கூட்டுங்கள், மூன்றாம் நாள் கரு என்றால் 263. ஜனவரி 10 அன்று ஐந்தாம் நாள் கரு வைத்திருந்தால் பிரசவத் தேதி செப்டம்பர் 28. கரு வைத்த அன்றே உங்கள் கர்ப்பத்துக்கு வயது 2 வாரம் 5 நாள். ஸ்கேனில் குழந்தையின் நீளம் இரண்டு மூன்று நாள் கூடக் குறையக் காட்டினாலும் இந்தத் தேதியை மாற்றக் கூடாது. கும்பகோணம் டாக்டர் நீங்கள் சொன்ன மாதவிடாய்த் தேதியை வைத்து வழக்கம்போலக் கணக்குப் போட்டிருப்பார், அவ்வளவுதான். கரு வைத்த தேதியையும் அது ஐந்தாம் நாள் கரு என்பதையும் சொல்லுங்கள், அவரே திருத்திக்கொள்வார். ஒரு வாரம் தவறினால் என்ன என்று தோன்றலாம். எட்டாம் மாதத்தில் குழந்தை எடை குறைவா, சரியா என்று பார்க்கும்போதும், 37 வாரம் ஆகிவிட்டதா என்று முடிவெடுக்கும்போதும் அந்த ஒரு வாரம் பெரிய விஷயம்.

அடுத்தது ஹார்மோன் மருந்து. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், தவறு நடப்பது அதிகமும் இங்கேதான்.

இயற்கையாகக் கரு தங்கினால், முட்டை வெளிவந்த இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற சின்னக் கட்டி உருவாகி, முதல் சில வாரங்களுக்குப் புரோஜெஸ்டிரோனைச் சுரந்து கர்ப்பத்தைத் தாங்கும். பிறகு நஞ்சுக்கொடி வளர்ந்து ஏறக்குறைய ஏழிலிருந்து ஒன்பது வாரத்துக்குள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். உங்களுக்குச் செய்ததுபோல மாத்திரை கொடுத்தே கருப்பையைத் தயார் செய்து உறைகரு வைக்கும்போது பெரும்பாலும் முட்டை வெளிவருவதில்லை. கார்பஸ் லூட்டியமே இல்லை. அந்த வாரங்களில் உங்கள் கர்ப்பத்தைத் தாங்குவது முழுக்க வெளியிலிருந்து கொடுக்கும் மருந்துதான்: புரோஜினோவா போன்ற ஈஸ்ட்ரஜன் மாத்திரை, கூடவே புரோஜெஸ்டிரோன். அந்தப் புரோஜெஸ்டிரோன் பிறப்புறுப்பில் வைக்கும் சஸ்டன் மாதிரி கேப்ஸ்யூலாகவோ, ஜெல்லாகவோ, இடுப்பில் போடும் எண்ணெய் ஊசியாகவோ இருக்கும். ஆகவே ஏழாவது வாரத்தில் "இவ்வளவு ஹார்மோன் எதற்கு, நிறுத்திடுங்க" என்று யார் சொன்னாலும், மையத்தைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அதே ஐவிஎஃப்பில் முட்டை எடுத்த சுழற்சியிலேயே கரு வைத்தவர்களுக்கோ, மாத்திரை இல்லாமல் இயற்கைச் சுழற்சியில் உறைகரு வைத்தவர்களுக்கோ கதை வேறு. அவர்களுக்கு உள்ளேயே சுரப்பு உண்டு, பல இடங்களில் முன்னதாகவே நிறுத்திவிடுவார்கள். தோழிக்கு எட்டாவது வாரத்திலேயே நிறுத்திவிட்டார்கள், எனக்கு ஏன் இன்னும் ஊசி என்று நீங்கள் ஒப்பிட்டால், விடை இதில்தான் இருக்கும்.

உங்கள் வகையில் 10 வாரத்திலிருந்து 12 வாரத்துக்குள் நிறுத்துவது வழக்கம். சிலர் படிப்படியாகக் குறைப்பார்கள், சிலர் ஒரே நாளில் நிறுத்துவார்கள், இரண்டும் நடைமுறையில் இருப்பவைதான். "எந்தத் தேதியில் எந்த மருந்தை நிறுத்த வேண்டும்" என்பதை மையத்தில் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். "12 வாரம் வரை" என்று பொதுவாக எழுதியிருந்தால் போதாது, நாள் வேண்டும்.

என்னிடம் முதல்முறை வருபவர்களிடம் மருந்துச் சீட்டைக் கேட்பதைவிட, மருந்துப் பையை அப்படியே மேசையில் கொட்டச் சொல்வேன். சீட்டில் இல்லாத கதையெல்லாம் அதிலிருந்து வரும். 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு அட்டை இருக்கும். ஒன்று மையம் எழுதியது, இன்னொன்று ஊர் டாக்டர் எழுதியது, இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பார்கள். கேப்ஸ்யூலும் ஊசியும் போய்க்கொண்டிருக்கும்போது யாரோ டுஃபாஸ்டன் என்ற இன்னொரு புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையும் சேர்த்திருப்பார்கள். தைராய்டு மாத்திரையைக் காலையில் கால்சியத்தோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் ஒரே வாயில் போட்டுக்கொள்வார்கள், அப்புறம் தைராய்டு ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு ஏன் இறங்கவில்லை என்று கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் வேண்டும். கர்ப்பத்தில் தைராய்டு மாத்திரையின் அளவே பலருக்குக் கூட்ட வேண்டியிருக்கும், கடைசியாக டி.எஸ்.எச். எப்போது பார்த்தீர்கள் என்று பாருங்கள், நான்கு வாரம் தாண்டியிருந்தால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பிரின் பற்றி ஒரு வார்த்தை. பிற்பாடு வரும் ரத்த அழுத்தத்தைத் தடுக்க, 12 வாரத்துக்குப் பிறகு, முடிந்தால் 16 வாரத்துக்குள், குறைந்த அளவில் ஆரம்பிப்பது வழக்கம். ஐவிஎஃப் என்பதும் முதல் கர்ப்பம் என்பதும் சேரும்போது அதைத் தர நல்ல காரணம் இருக்கிறது. மாத்திரை மூலம் தயார் செய்து உறைகரு வைத்தவர்களிடம் ரத்த அழுத்தம் சற்று அதிகம் காணப்படுகிறது என்பது தெரிந்த விஷயம். பல மையங்கள் கரு வைக்கும்போதே ஆஸ்பிரினை ஆரம்பித்துவிடுவதால் புதிய டாக்டருக்கு அது ஏற்கனவே போகிறது என்று தெரிய வேண்டும், அளவை அவர் முடிவு செய்வார். வயிற்றில் போடும் ரத்தம் உறையாமை ஊசி, அதாவது ஹெப்பாரின் வகை, உங்களுக்கு எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள். ரத்தப் பரிசோதனையில் ஏதாவது இருந்ததா, முன்பு கருச்சிதைவு ஆனதா, அல்லது எல்லோருக்கும் எழுதுவதுபோல எழுதினார்களா? காரணம் இல்லையென்றால் புதிய டாக்டர் நிறுத்தலாம், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சரி, ஃபைல். இதில் நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை. 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, என்ன சிகிச்சை செய்தோம் என்ற விவரத்தோடு மையம் உங்களுக்கு டிஸ்சார்ஜ் சான்று தர வேண்டும். அது தவிர, உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டாலும் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-இல் வந்த மருத்துவ கவுன்சில் நெறிமுறை சொல்கிறது. நடைமுறையில் வரவேற்பில் இருக்கும் பெண் "டாக்டர் வெளியூர்ல இருக்காங்க, அடுத்த வாரம் வாங்க" என்பார். கோபப்படாமல் ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்ஆப் செய்தியோ எழுத்தில் அனுப்பிவிடுங்கள், வேலை நடக்கும்.

பல மையங்கள் தரும் ஃபைல் அரை கிலோ இருக்கும். அதில் புதிய டாக்டருக்கு வேண்டியது ஒரு பக்கம்தான்: முட்டை எடுத்த தேதி, அப்போது உங்கள் வயது, முட்டையும் விந்தும் உங்கள் இருவருடையதா தானமா, கரு வைத்த தேதி, எத்தனையாம் நாள் கரு, எத்தனை வைத்தார்கள், மாத்திரைச் சுழற்சியா இயற்கைச் சுழற்சியா, கருவுக்கு மரபணுச் சோதனை செய்தார்களா, இப்போது போகும் மருந்துகளும் நிறுத்தும் தேதியும், இதுவரையான ஸ்கேன்கள், ரத்த வகை. இதற்கு முன் ஹிஸ்டிரோஸ்கோப்பி (கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்தது, கருப்பைத் தடுப்புச் சுவரையோ ஃபைப்ராய்டு என்ற கருப்பைத் தசைக்கட்டியையோ அகற்றியது இருந்தால் அந்த அறுவைக் குறிப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஃபைப்ராய்டு எடுத்தபோது கருப்பைச் சுவரின் முழுத் தடிமனும் திறக்கப்பட்டதா என்பதை வைத்துத்தான் சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்று எட்டு மாதம் கழித்து ஒருவர் முடிவெடுக்கப் போகிறார். அந்தக் குறிப்பு அந்த நேரத்தில் கிடைக்காது.

முட்டை எடுத்தபோது இருந்த வயதை ஏன் கேட்கிறேன் என்றால், 11-லிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் என்.டி. ஸ்கேனும் (குழந்தையின் கழுத்துப் பின்புறம் இருக்கும் நீரின் தடிமனை அளப்பது) டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றுக்கான அபாயத்தைக் கணக்கிடும் மென்பொருளில் வயது முக்கியமான எண். அதில் போட வேண்டியது முட்டையின் வயது. 31-இல் முட்டை எடுத்து உறைய வைத்து, 34-இல் கரு வைத்திருந்தால் கணக்குக்கு 31. தான முட்டை என்றால் தானம் தந்தவரின் வயது. ஐவிஎஃப் என்பதையும் படிவத்தில் குறிக்க வேண்டும், ஏனென்றால் பரிசோதனையில் பார்க்கும் ஒரு புரதம், பாப்-ஏ, ஐவிஎஃப்பில் இயல்பாகவே சற்றுக் குறைவாக இருக்கும். இந்த விவரம் இல்லாமல் அனுப்பி "ஹை ரிஸ்க்" என்று அறிக்கை வந்து, வீடே அழுது, பிறகு சரியான வயதைப் போட்டதும் சாதாரணமாக மாறிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் எடுக்க வரும் லேப் பையன் இதைக் கேட்க மாட்டான், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு கூச்சமான விஷயம். ஐவிஎஃப் என்பதே மாமியார் வீட்டில் தெரியாது, அல்லது ஐவிஎஃப் தெரியும் ஆனால் தான முட்டை என்பது கணவன் மனைவிக்கு மட்டும் தெரியும் என்ற நிலை நம் ஊரில் சாதாரணம். உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் இல்லை, ஆனாலும் படிக்கும் யாருக்காவது உதவும். ஊரிலிருப்பவர்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்பது உங்கள் உரிமை. டாக்டரிடம் மறைக்காதீர்கள். தான முட்டைக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு இன்னும் அதிகம், மேலே சொன்ன வயதுக் கணக்கும் அதைப் பொறுத்தது. ஓ.பி.யில் அம்மா, அத்தை, பக்கத்து நாற்காலிக்காரர் எல்லோரும் இருக்கும்போது "எத்தனை வருஷ ட்ரீட்மென்ட்?" என்று சத்தமாகக் கேட்டுவிடுவார்கள். அதனால் முதல் சந்திப்புக்குக் கணவரோடு மட்டும் போங்கள். "டாக்டர், கொஞ்சம் தனியா பேசணும்" என்று சொன்னால் எந்த டாக்டரும் மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்வார். கையில் வைத்துச் சுற்றும் பிரசவ அட்டையில் இந்த விவரம் எழுத வேண்டாம், உங்கள் கேஸ் ஷீட்டில் மட்டும் எழுதுங்கள் என்றும் கேட்கலாம். அரை கிலோ ஃபைலை அலமாரியில் பூட்டிவிட்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் போவது இதற்கும் நல்லது.

மையத்தில் வாரா வாரம் ஸ்கேன் பார்த்துப் பழகியவர்களுக்கு மகப்பேறு டாக்டர் "நாலு வாரம் கழிச்சு வாங்க" என்றதும் தூக்கிவாரிப் போடும். இது அக்கறைக் குறைவு இல்லை. இதயத்துடிப்பு நன்றாகத் தெரிந்த பிறகு ஸ்கேன் எதையும் காப்பாற்றுவதில்லை, நடப்பதைக் காட்டுகிறது, அவ்வளவே. ஆனாலும் வருடக்கணக்கில் காத்திருந்து கரு தங்கியவருக்கு "பேசாம இருங்க" என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. 9 அல்லது 10 வாரத்தில் ஒரு ஸ்கேன், பிறகு என்.டி. என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். என்.டி. முடிந்து குழந்தையின் அசைவு தெரியும்வரை, அதாவது ஏறக்குறைய 18 முதல் 20 வாரம் வரை, கையில் எந்த அறிகுறியும் இல்லாத காலம். வாந்தியும் நின்றிருக்கும். அதுதான் பலருக்கு மனதளவில் மிகக் கடினம். தெரிந்து வைத்துக்கொண்டால் கொஞ்சம் தாங்கலாம்.

பிறகு 18–20 வாரத்தில் உறுப்பு வளர்ச்சி ஸ்கேன். அதில் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, தொப்புள்கொடி அதில் எந்த இடத்தில் சேர்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நஞ்சுக்கொடி கீழே இருப்பது, தொப்புள்கொடி அதன் ஓரத்தில் சேர்வது இரண்டும் ஐவிஎஃப்பில் கொஞ்சம் அதிகம். ஐவிஎஃப் என்றால் குழந்தையின் இதய ஸ்கேனும் பல டாக்டர்கள் எழுதுவார்கள். சர்க்கரைக்கு முதல் சந்திப்பிலேயே 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது, 24–28 வாரத்தில் மறுபடி பார்ப்பது, இது எல்லோருக்கும் உள்ளதுதான்.

படுக்கையிலேயே இருக்க வேண்டுமா? வேண்டாம். படுத்திருப்பதால் கரு நிலைக்கிறது என்பதற்குச் சான்றில்லை; ஹார்மோன் எடுக்கும்போது அசையாமல் படுத்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்புதான் கூடும். சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ரயிலில் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ரத்தப்போக்கு இல்லையென்றால் தாராளமாக. உழவன் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் எடுத்து, நடுவில் எழுந்து நாலு எட்டு நடங்கள், தண்ணீர் குடியுங்கள், மருந்தைக் கைப்பையில் வையுங்கள். ஒவ்வொரு செக்அப்புக்கும் போய் வர வேண்டியதில்லை. நீங்கள் இருக்கும் தாம்பரத்தில் வீட்டுக்கு அருகில் ஒரு மகப்பேறு டாக்டர் மாதாந்தரம் பார்ப்பதும், என்.டி. ஸ்கேன் சமயத்திலும் ஐந்தாம் மாதத்திலும் கும்பகோணம் டாக்டர் பார்ப்பதும் சரியான ஏற்பாடு. வளைகாப்பு முடிந்து ஏழு, எட்டு மாதத்தில் முதன்முறையாகப் போய் நிற்பதுதான் சரியில்லை.

கும்பகோணத்தில் யாரிடம் போனாலும் நான்கு விஷயம் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு ரத்தம் வந்தால் யார் போனை எடுப்பார்? மயக்க மருந்து டாக்டரும் ரத்தமும் எவ்வளவு நேரத்தில் கிடைக்கும்? 32 வாரத்தில் குழந்தை பிறந்தால் பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சை அங்கேயே உண்டா, தஞ்சாவூருக்கு அனுப்புவார்களா? தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை போன்ற சீமாங் மையங்களில், அதாவது அரசின் அவசர மகப்பேறு, பச்சிளம் குழந்தை சிகிச்சை மையங்களில், இவை எல்லா நேரமும் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள், தனியார் என்றாலே எல்லாம் இருக்கும் என்பதில்லை. நான்காவது: "ஐவிஎஃப் குழந்தை, ரிஸ்க் வேண்டாம், சிசேரியன்தான்" என்பவரா? ஐவிஎஃப் மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. கர்ப்பவாய்க்குத் தையல் போடுவதும் அப்படியே. கர்ப்பவாயின் நீளம் குறைந்திருந்தாலோ முன்பு ஐந்தாம் ஆறாம் மாதத்தில் கலைந்திருந்தாலோ போடலாம், ஐவிஎஃப் என்பதற்காக எல்லோருக்கும் வேண்டியதில்லை.

இடைப்பட்ட வாரங்களில் இவை வந்தால் எந்த டாக்டர் என்று யோசிக்காமல் அருகிலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்: நாப்கின் நனையும் ரத்தப்போக்கு, ஒரு பக்கமாகக் கடும் வயிற்றுவலி, மயக்கம், தோள்பட்டை வலி, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது. லேசான பழுப்பு நிறக் கசிவு, அதுவும் கேப்ஸ்யூல் வைப்பவர்களுக்கு, சகஜம். போனில் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம், மருந்தை நிறுத்த வேண்டாம்.

அரசாங்க வேலை ஒன்று பாக்கி. பிக்மி என்ற தமிழ்நாடு அரசின் கர்ப்பிணிகள் பதிவில் பதிந்து, அது தரும் ஆர்.சி.எச். எண்ணை வாங்கிவிடுங்கள். தனியாரில் பிரசவம் என்றாலும் தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் கேட்பார்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, இணையத்தில் நீங்களாகவோ பதியலாம். ஊர் மாறினாலும் எண் மாறாது. கும்பகோணம் போனதும் அங்கிருக்கும் செவிலியரிடம் சொன்னால் போதும். புதிய ஸ்கேன் சென்டரில் டாக்டர் சீட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள், ஒவ்வொரு முறையும் படிவத்தில் கையெழுத்தும் வாங்குவார்கள். பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டத்துக்காக அது.

மையத்திலிருந்து வெளியே வரும்போது மீதிக் கருக்கள் அங்கே உறைநிலையில் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். எத்தனை, எந்தத் தேதிவரை பணம் கட்டியிருக்கிறீர்கள், புதுப்பிக்கச் சொல்லி எந்த எண்ணுக்குத் தகவல் வரும் என்பதை எழுதி வாங்குங்கள். சட்டப்படி அதிகபட்சம் 10 ஆண்டு வைத்திருக்கலாம். பிரசவம் முடிந்து குழந்தை வளர்க்கும் அவசரத்தில் சிம் கார்டு மாறி, அவர்கள் அனுப்பிய செய்தி யாருக்கும் போய்ச் சேராமல் இருப்பது நடக்கிற விஷயம்தான். கணவரின் எண்ணையும் உங்கள் எண்ணையும் இரண்டையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.